பையில் காத்திருக்காத விதை

பட்டம் பெறும் பிள்ளைகளே, என்னை அறிமுகப்படுத்தியவர் சொன்னதில் பாதி அன்பு. நான் ஓய்வுபெற்ற வனத்துறைக்காரன். முதல் சம்பளத்தை மரம் வெட்டித்தான் வாங்கினேன்.

1978. பயிற்சிக்காக மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து மழைக்காடு ஒன்றுக்கு அனுப்பினார்கள். காட்டை மொட்டையடிக்காமல், குறித்த சுற்றளவைத் தாண்டிய மரங்களை மட்டும் தேர்ந்து வெட்டும் முறை அங்கே நடந்தது. ஏட்டில் படித்தால் குறை சொல்லவே முடியாது. கையில் முத்திரைச் சுத்தியல். பட்டையைச் செதுக்கி ஓங்கி ஓர் அடி, குறி பதிந்துவிடும். ஒரு வெள்ளைக்குங்கிலியத்தில் அடித்தேன். ஒட்டுப்பலகை ஆலைக்குப் போகிற மரம்.

அது தனியாக விழவில்லை. தொடை பருமனுள்ள கொடிகள் அதைப் பக்கத்து மரங்களோடு பிணைத்திருந்தன. ஒன்று சாய, மற்றவை முறிந்தும் வேரோடு பெயர்ந்தும் பின்னாலேயே வந்தன. சத்தம் அடங்கியதும் எண்ணினேன். ஏழு. கூட வந்த காடர் பழங்குடிப் பெரியவர் வெற்றிலையை மென்றபடி கேட்டார்: “ரிஜிஸ்டர்ல ஒண்ணுதானே சார் எழுதணும்?” கிண்டலா, சந்தேகமா, இன்றுவரை தெரியாது. ஒன்று என்றுதான் எழுதினேன். அப்புறம் லாரித்தடம், அதன் வழியே வெயில், வெயிலோடு களைச்செடி. அவற்றுக்குப் பதிவேட்டில் கட்டமே கிடையாது.

1987-இல் கேரளம் அந்த வெட்டை நிறுத்தியது. இலங்கையின் சிங்கராஜ வனத்தில் மக்கள் எதிர்ப்பால் பத்தாண்டுக்கு முன்பே நின்றிருந்தது. 1988-இல் அந்த வனம் உலகப் பாரம்பரியக் களமும் ஆனது.

என்னைத் தெரிந்தவர்கள் அடுத்து விதைப் பேச்சு வரும் என்று சிரிப்பார்கள். வரட்டும். டாப்சிலிப்பில் அந்தக் கால வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறையைப் பார்த்திருப்பீர்கள். தேக்கு விதைகளைப் பையில் போட்டுக்கொண்டு, கைத்தடியால் குழி குத்தி விதைத்தபடியே நடப்பார் என்று ஆனைமலையில் கதையாகச் சொல்வார்கள். மாணவனாக இருந்தபோது நானும் கால்சட்டைப் பை நிறைய நிரப்பிக்கொண்டு திரிந்தேன். ஒரு குழியும் குத்தவில்லை. சலவைக்காரர் விதைகளைப் பொட்டலம் கட்டித் திருப்பித் தந்தார், வசவோடு.

ஆனால் பாருங்கள், அந்த விதை அதையும் தாங்கும். ஓடு அவ்வளவு கெட்டி, மாதக்கணக்கில் காத்திருக்கும். அப்படிப்பட்ட விதையைக் கொண்டுதான் 1840களில் மலபார் கலெக்டர் கனோலியும் வன அலுவலர் சாத்து மேனனும் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார்கள். தேக்கை நடலாம், வெட்டலாம், மறுபடி நடலாம். மழைக்காட்டு மரங்களான வெள்ளைக்குங்கிலியமும் வெடிப்பலாவும் அப்படியில்லை. ஈரத்தோடு விழும், சில வாரத்துக்குள் முளைக்கும், காய்ந்தால் செத்துவிடும். மூட்டை கட்டிக் கிடங்கில் வைக்க வழியில்லை. தாய்மரம் நிற்க வேண்டும், நிழல் இருக்க வேண்டும். இவற்றில் எதையும் திட்ட அறிக்கையில் போட்டு வாங்க முடியாது. ஆகவே என் கட்சி இதுதான்: மரம் வேண்டுமானால் தோட்டத்திலும் வயல் வரப்பிலும் வளர்த்து வெட்டுங்கள், மழைக்காட்டை அந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

இங்கே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் மகன் வீடு கட்டினான். மரக்கடையில் வாசற்காலுக்கு “மலேசியா சால்” என்றார்கள். எந்த மலை, எவர் குறி போட்டார், கூட எத்தனை விழுந்தது என்று கேட்டேன். கடைக்காரர் என் மகனைப் பரிதாபமாகப் பார்த்தார். நம் காட்டைப் பூட்டிவிட்டு அடுத்தவர் காட்டில் வாசற்கால் செய்துகொள்கிறோம். அந்தக் கேள்வியைக் கேட்டு விடை வாங்கும் வேலை இனி உங்களுடையது.

வால்பாறையில் நாற்றங்கால் வைத்திருக்கும் நண்பர் நேற்று ஒரு கூடை வெடிப்பலா விதை கொடுத்தனுப்பினார். ஈரச்சாக்கில் சுற்றி என் காரில் இருக்கிறது. காலையில் பார்த்தேன், நாலைந்து முளைவிட்டுவிட்டன. படம் பிடித்து முடித்ததும் யாராவது இரண்டு பேர் வந்து இறக்கி, உங்கள் கல்லூரி நிழல்வலைக்குள் இன்றைக்கே ஊன்றிவிடுங்கள். நாளை என்றால் ஞாயிற்றுக்கிழமை, தோட்டக்காரர் வரமாட்டாராம்.