மூலிகைப் பற்றும் பெயர்த் தெளிவும்

(வில்லாபுரத்தில் ஆற்றிய பொழிவு)



நம் வில்லாபுரத்தில் ஒருவர்க்கு ஈரல்நோய் என்றால், வீட்டார் கை முதலிற் பறிப்பது கீழாநெல்லியைத்தான். அக்கை வாழ்க! ஆயின், ஈரலுக்கு வரும் நோய் ஒன்றன்று, பல.

நச்சுயிரியால் வருவது ஒன்று. அதற்குக் கீழாநெல்லியைக் கொடுத்துப் பார்த்த சென்னை ஆய்வாளர், நற்பயன் கண்டதாக 1988-இல் ‘இலான்செட்டு’ இதழில் எழுதினர். பின்னர்ப் பிறநாடுகளில் நடந்த ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை.

ஒட்டுண்ணியால் வருவது மற்றொன்று. கழிவு கலந்த நீரோடு அமீபா குடலிற் புகுகின்றது. குடற்சுவரை அரித்துக் குருதிவழியே ஈரலை அடைந்து, சீழ்க்கட்டியை உண்டாக்குகின்றது. காய்ச்சலும் வலப்பக்க விலாவடி வலியும் இதன் குறிகள். கண் மஞ்சளிப்பது அரிது. எனவே, காமாலை மருந்து இதற்கு மருந்தாகாது.

இந்நோயைத் தீர்த்த பழைய மருந்தும் ஒரு மூலிகைச் சாரமே! பிரேசில் நாட்டு இபிகாக்குவானா வேரினின்று 1817-இல் எமெட்டினைப் பிரித்தெடுத்தனர். 1912-இல் கல்கத்தாவில் இலியோனார்டு உரோசர்சு என்னும் மருத்துவர் அதனை ஊசிவழிச் செலுத்திப் பயன் கண்டார். அது நெஞ்சாங்குலையைத் தாக்கியமையால், 1960-களுக்குப் பின் மெட்ரோநிடசோல் அதன் இடத்தைப் பெற்றது.

நம் நிலத்தில் அத்தகு மூலிகை இல்லையா? உண்டு. குடசப்பாலைப் பட்டையை நம் மருத்துவர் குருதிக்கழிச்சலுக்குக் கொடுத்து வந்தனர். அதிலுள்ள கொனெசின் அமீபாவை ஒடுக்குவதை ஆய்வாளரும் கண்டனர். ஆனால், குடலில் வேலைசெய்வது ஈரற்கட்டியையும் தீர்க்கும் என்று நாமாகக் கொள்ளலாகாது.

இங்கேதான் தமிழாசிரியனுக்கும் வேலை உண்டு. வெட்பாலை என்னும் ஒரே பெயரை நம்மவர் இரு மரங்கட்கு இடுகின்றனர். ஒன்று இக்குடசப்பாலை, மற்றொன்று, இலையை எண்ணெயிலிட்டுத் தோல்நோய்க்குப் பூசும் மரம். கடைப் பட்டையிலும் ஒன்றற்கு மற்றொன்று கலந்து விடுகின்றது. சொல்லில் நேரும் பிழை நோயாளன் உடலில் முடிகின்றது!

ஆதலின், எம்மரத்திற்கு எப்பெயர் என ஊர்தோறும் தொகுத்து வரையறுப்பது நம் கடன். அளந்து மெய்ப்பிப்பது ஆய்வாளர் கடன். அதுகாறும், காய்ச்சலோடு வலப்பக்க வலி கண்டால், சாறு பிழிந்து நாள் கடத்தாதீர். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். “ஈரலிற் கட்டியா? எதனால் வந்தது?” என்று தமிழிலேயே கேளுங்கள். காய்ச்சி ஆறிய நீரையே பருகுங்கள்.

மூலிகையைப் போற்றுவோம், மெய்ப்பித்துப் போற்றுவோம்! வாழ்க தமிழ்!