பட்டா என்னும் பலம்



நம் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு, விரும்பிய தொழிலையும் வணிகத்தையும் செய்ய ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை தருகிறது. பேச்சுரிமையோடும் கூட்டம் கூடும் உரிமையோடும் சேர்ந்து அதுவும் அடிப்படை உரிமையாக நிற்கிறது. அதற்கு முந்திய வரியில் இன்னோர் உரிமையும் இருந்தது: சொத்து வாங்கவும் வைத்துக்கொள்ளவும் விற்கவும் உரிமை. 1978இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 44ஆவது திருத்தம் அந்த வரியை எடுத்துவிட்டது. 1979 ஜூன் 20 முதல் சொத்துரிமை இந்தியாவில் அடிப்படை உரிமை இல்லை. ஆக, தறி நெய்யும் உரிமைக்குப் பாதுகாப்பு இருக்கிறது. தறி நிற்கும் கொட்டகைக்கு அந்த அளவு பாதுகாப்பு இல்லை. சொத்துரிமை என்றதும் இது பணக்காரர் கவலை என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பணக்காரனைவிட ஏழைக்கே அது அதிகம் தேவை என்றும், சுதந்திரமான தொழில் அதன் மேல்தான் நிற்க முடியும் என்றும் சொல்லவே இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

இந்த உரிமை ஒரே நாளில் போய்விடவில்லை. 1950இல் எழுதிய 31ஆம் பிரிவு, அரசு ஒருவர் சொத்தை எடுத்தால் நஷ்டஈடு தர வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே முதல் திருத்தம் ஒன்பதாவது அட்டவணையைக் கொண்டுவந்தது. அதில் சேர்த்த சட்டம் அடிப்படை உரிமையை மீறுகிறது என்று வழக்காட வழியில்லாமல் போனது. நஷ்டஈடு என்றால் எடுத்த சொத்துக்குச் சமமான, நியாயமான ஈடு என்று 1953இல் பேலா பானர்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. கொடுக்கும் தொகை போதுமா என்று நீதிமன்றம் கேட்கக்கூடாது என 1955இல் நான்காவது திருத்தம் தடுத்தது. வங்கிகளை அரசுடைமையாக்கிய சட்டத்தை 1970இல் நீதிமன்றம் செல்லாது என்றது. மறு ஆண்டே 25ஆவது திருத்தம் 'நஷ்டஈடு' என்றிருந்ததை வெறும் 'தொகை' என்று மாற்றியது. கடைசியில் நெருக்கடி நிலை முடிந்து ஜனதா ஆட்சி வந்தது. பறிபோன உரிமைகளை மீட்கக் கொண்டுவந்த அதே திருத்தத்தில் இந்த ஓர் உரிமையை மட்டும் கைவிட்டார்கள். இது தீராத வருத்தம் தரும் செய்தி. சட்டத்தின் அதிகாரமின்றி யாருடைய சொத்தையும் பறிக்கக்கூடாது என்ற 300ஏ பிரிவு மிஞ்சியது உண்மைதான். ஆனால் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று நேராக உச்ச நீதிமன்றக் கதவைத் தட்டும் வழி அடைபட்டுவிட்டது.

இதற்கு எதிராகச் சொல்லும் வாதங்களில் வலுவானது ஜமீன்தாரி பற்றியது. சொத்துரிமையைப் புனிதமாக்கியிருந்தால் ஜமீன்களை ஒழித்திருக்க முடியுமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஜமீன்தாருக்கு அந்த நிலம் எப்படி வந்தது? 1793இல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் வங்காளத்தில் நிரந்தரத் தீர்வை முறையைக் கொண்டுவந்து, வரி வசூலித்துக் கொடுப்பவரையே நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆக்கினார். பின்னர் அந்த ஏற்பாடு சென்னை மாகாணத்தின் பல பகுதிகளுக்கும் வந்தது. காலங்காலமாக உழுதுவந்த குடியானவனின் உரிமையை அரசு ஓர் உத்தரவால் அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்த கதை அது. 1948இல் சென்னை மாகாணச் சட்டம் அந்த எஸ்டேட்டுகளை ஒழித்து நிலக்காரரே அரசுக்கு நேராக வரி கட்டும் ரயத்துவாரி முறைக்கு மாற்றியபோது என்ன செய்தது? குடியானவர் கையில் பட்டாவைக் கொடுத்தது. உழுபவனுக்கே நிலம் என்ற முழக்கத்தைக் கவனியுங்கள். நிலம் அரசுக்கு என்று அது சொல்லவில்லை, உழுபவனுக்குச் சொந்தம் என்றது. நிலச் சீர்திருத்தத்தில் மக்கள் கொண்டாடிய பகுதி, சொத்துரிமையைப் பலருக்கு விரித்துக் கொடுத்த பகுதிதான். பெற்றவரிடமிருந்து அதையே திரும்ப எடுக்கும் திட்டம் வந்தபோது எதிர்ப்பும் குடியானவர் பக்கமிருந்தே வந்தது. 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் போட்டதும், அதே மாநாட்டில் எழுந்து எதிர்த்தவர் உத்தரப் பிரதேச விவசாயிகளின் தலைவர் சரண்சிங். அந்த ஆண்டே ராஜாஜி சென்னையில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அதன் முதல் தலைவர், ஆந்திர விவசாயிகளின் தலைவர் என். ஜி. ரங்கா.

சொந்தம் என்ற உறுதி மனிதனை என்ன செய்ய வைக்கிறது என்று பார்ப்போம். அடுத்த ஆண்டு இந்த நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாத குத்தகைக்காரன் நெல் போடுவான், தென்னை வைக்கமாட்டான். கிணறு வெட்ட அவனுக்கு மனம் வராது. பலன் தர ஆண்டுகள் ஆகும் எந்த முதலீட்டுக்கும் இதுவே விதி. நம் நாடாளுமன்றம் 44ஆவது திருத்தத்தை விவாதித்துக்கொண்டிருந்த அதே 1978இல், சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் சியாவ்காங் என்ற சிற்றூரில் 18 குடியானவர்கள் இரவில் ரகசியமாகக் கூடினார்கள். கம்யூன் நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வது, அரசுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை அவரவர் வைத்துக்கொள்வது என்று எழுதிக் கைநாட்டு வைத்தார்கள். யாராவது சிறைக்குப் போனால் அவருடைய பிள்ளைகளை மற்றவர்கள் வளர்ப்பது என்றும் அதில் எழுதிக்கொண்டார்கள். மறு ஆண்டு விளைச்சல் பலமடங்கு பெருகியது. நிலத்தின் முழு உரிமைகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. உழைப்பின் பலன் தன்னைச் சேரும் என்ற உறுதி மட்டுமே கிடைத்தது. அதுவே போதுமானதாக இருந்தது. அந்த வழியை நாடு முழுவதும் ஏற்ற சீனா, சட்டப்படி சேர்த்த தனியார் சொத்தை யாரும் மீறக்கூடாது என்று 2004இல் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது.

இன்னொரு சான்று அர்ஜென்டினாவிலிருந்து. பியூனஸ் ஐரஸ் நகரின் புறத்தில் 1981இல் ஏழைக் குடும்பங்கள் காலியிடத்தில் குடியேறின. பிறகு அரசு அந்த இடத்தைக் கையகப்படுத்தி அவர்களுக்கே கொடுக்கச் சட்டம் செய்தது. சில உரிமையாளர்கள் தொகையை வாங்கிக்கொண்டார்கள், சிலர் வழக்குப் போட்டார்கள். அதனால் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒரு குடும்பத்துக்குப் பத்திரம் கிடைத்தது, மற்றதற்குக் கிடைக்கவில்லை. கலியானி, ஷர்கிராட்ஸ்கி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் பின்னாளில் இருதரப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பத்திரம் பெற்ற குடும்பங்கள் வீட்டை நன்றாகக் கட்டியிருந்தன, பிள்ளைகளை அதிகம் படிக்க வைத்திருந்தன. பத்திரத்தை வைத்து வங்கிக் கடன் மட்டும் பெரிதாகக் கூடவில்லை. பத்திரம் கொடுத்தால் போதும், மூலதனம் தானாக ஊறும் என்று பெருவின் பொருளாதார அறிஞர் எர்னாண்டோ டி சோட்டோவைப் பின்பற்றுபவர்கள் சொல்வது மிகையென்று இது காட்டுகிறது. இதை ஒளிக்க வேண்டியதில்லை. வங்கி கடன் கொடுப்பதற்கு முன்பே, பறிபோகும் என்ற பயம் நீங்கியதும் மனிதர் தம் சேமிப்பையும் உழைப்பையும் தாமே இறக்குகிறார்கள். தொழில் அங்கேதான் தொடங்குகிறது.

பொதுத் தேவைக்கு நிலம் வேண்டாமா, சாலையும் ஆலையும் வானத்திலா கட்ட முடியும் என்று அடுத்து கேட்பார்கள். நிலம் வேண்டும். எப்படி எடுப்பது என்பதில்தான் வழக்கு. மேற்கு வங்கத்தின் சிங்கூரில் 2006இல், வெள்ளைக்காரன் எழுதிய 1894ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு, டாடாவின் நானோ கார் ஆலைக்காக அரசு ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் எடுத்தது. சம்மதிக்காத விவசாயிகள் போராடினார்கள். ஆலை குஜராத்தின் சானந்துக்குப் போய்விட்டது. 2016இல் உச்ச நீதிமன்றம் கையகப்படுத்தியதே செல்லாது என்று சொல்லி நிலத்தைத் திருப்பித் தரச் சொன்னது. பத்தாண்டு வீணாயிற்று: விவசாயிக்கு விளைச்சல் இல்லை, தொழிலதிபருக்கு ஆலை இல்லை, இளைஞருக்கு வேலை இல்லை. சொத்துரிமையை மிதித்துத் தொழில் வளர்க்கலாம் என்று நம்புபவர்கள் சிங்கூரை ஒருமுறை படிக்க வேண்டும். அந்தப் பாடத்திலிருந்து வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், தனியார் நிறுவனத்துக்காக எடுத்தால் 80 விழுக்காடு நிலக்காரரின் சம்மதம் வேண்டும் என்றது. கிராமத்தில் சந்தை விலையைப் போல நான்கு மடங்கு வரை ஈடும் தரச் சொன்னது. அது நல்ல சட்டம். ஆனால் சாதாரணச் சட்டம். சாதாரணப் பெரும்பான்மை போதும், அதைத் தளர்த்திவிடலாம்.

ஏட்டில் எழுதினால் மட்டும் போதுமா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். போதாது. இமாசலப் பிரதேசத்தில் எழுதப்படிக்கத் தெரியாத ஒரு விதவையின் நிலத்தை 1967-68இல் சாலைக்காக எடுத்துக்கொண்டார்கள். அப்போது சொத்துரிமை அடிப்படை உரிமையாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு காசு ஈடு தரவில்லை. அவர் 2010இல் உயர் நீதிமன்றம் போனார். இத்தனை ஆண்டு அனுபவித்ததால் நிலம் தன்னுடையதே என்று அரசு வாதாடியது. 2020இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளி ஈடு தரச் சொன்னபோது அந்த அம்மையாருக்கு வயது 80. நம் மண்ணிலும் சான்று உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீரின் அறிக்கைக்குப் பின் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள், வேறு சமூகத்தாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தும் பெருமளவு கைமாறின. செல்வந்தருக்கு வக்கீல் உண்டு, அமைச்சர் பழக்கம் உண்டு. சட்டம் தளர்ந்தாலும் அவர் தப்பித்துக்கொள்வார். சட்டத்தைத் தவிர வேறு துணை இல்லாதவருக்குத்தான் அது இறுக்கமாக இருக்க வேண்டும்.

தள்ளுவண்டிக்காரரை நினைத்துப் பாருங்கள். முன்னறிவிப்பில்லாமல் அவரை அகற்றக்கூடாது, 30 நாள் அவகாசம் தர வேண்டும், பறிமுதல் செய்த பொருளுக்குப் பட்டியல் தர வேண்டும் என்று 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் சொல்கிறது. அதுவும் சொத்துரிமைதான். அதேபோல, பெண்களுக்குச் சொத்தில் பங்கு வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1989இல் தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது. 2005இல்தான் நாடு முழுவதற்கும் வந்தது. சொத்துரிமையைப் பரப்பியவர்கள் யார் என்பதற்கு இந்த வரலாறே சாட்சி.

நீதிமன்றங்கள் இப்போது மெல்லத் திரும்பிவருகின்றன. 300ஏ பிரிவுக்குள் நோட்டீஸ் பெறும் உரிமை, தன் தரப்பைச் சொல்லும் உரிமை, நியாயமான ஈடு பெறும் உரிமை உட்பட ஏழு உரிமைகள் அடங்கியிருப்பதாக 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியார் சொத்து எல்லாமே சமுதாயத்தின் வளம் ஆகிவிடாது என்று அதே ஆண்டு நவம்பரில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு தந்ததை இன்னொரு தீர்ப்பு குறைக்கலாம். அரசியல் சட்டத்தில் எழுதியதை அப்படிக் குறைக்க முடியாது. ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். இந்த மன்றத்தின் பெயரால் நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு மனு எழுதுங்கள். சொந்தமாக உழும் நிலம், குடியிருக்கும் வீடு, பிழைக்கும் கடையும் கருவியும், இவற்றின் மீதான உரிமையையாவது மீண்டும் அடிப்படை உரிமையாக்க அவையில் பேசுவாரா என்று கேளுங்கள். அவர் தரும் பதிலை அடுத்த கூட்டத்தில் இதே மேடையில் எல்லோர் முன்னும் படித்துக் காட்டுங்கள்.