இதுவா விடுதலைப் பத்திரம்?

(தாம்பரத்தில் பெண்கள் பெருவாரியாகக் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



வெளியூரிலிருந்து பிழைப்புக்காகத் தாம்பரத்திற்கு வந்து தனியே தங்கியிருக்கும் பெண்களைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றோம். சானடோரியத்தில் 1984-ல் ஏற்பட்ட ஏற்றுமதி மண்டலத்துக் கம்பெனிகளிலும், பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கத்துக் கணினிக் கம்பெனிகளிலும், ஆஸ்பத்திரிகளிலும், துணிக்கடைகளிலும் இவர்கள் வேலை பார்க்கின்றார்கள். இவர்களில் பலர், சொந்த ஊரில் அண்ணனோ தம்பியோ துணைக்கு வராமல் கடைத்தெருவுக்குக்கூடப் போயறியாதவர்கள். இங்கு வந்த ஆறாம் மாதத்திலேயே தனியாக மின்சார ரயிலேறி எழும்பூருக்குப் போகின்றார்கள். பாங்கியில் கணக்கு வைக்கின்றார்கள். சம்பளத்தில் பிடித்தம் செய்தால் ஏன் என்று கேட்கின்றார்கள். இந்தச் சாமர்த்தியம் தாம்பரத்துத் தண்ணீரிலிருந்தா வந்தது? இல்லை. முன்பே அவர்களிடம் இருந்ததுதான். ஊர் அதை மூடி வைத்திருந்தது, அவ்வளவே.

"பெண் தனியே இருந்தால் கெட்டுப்போவாள்" என்கிறார்கள் வைதிகர்கள். சிறு வயதில் தகப்பன், பிறகு புருஷன், கடைசியில் மகன் என்று ஆயுள் முழுவதும் காவல் போட்ட மனுவின் சரக்குதான் இது. அதே வயதுப் பையன் திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கினால், அவன் கெட்டுப்போவான் என்று யாராவது இரவு ஒன்பது மணிக்குக் கதவைப் பூட்டுகின்றார்களா? பெண்கள் விடுதிக்கு மட்டும் பூட்டு! கேட்டால் "பாதுகாப்பு" என்கிறார்கள். குற்றம் செய்யக் கூடியவன் வெளியே உலாவ, அதற்கு ஆளாகக் கூடியவளை உள்ளே வைத்துப் பூட்டுவது எந்த ஊர் நியாயம்?

இந்தப் பாதுகாப்பின் யோக்கியதையைப் பாருங்கள். 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம், பெண்கள் இரவில் ஆலையில் வேலை செய்யக் கூடாது என்றது. 2000-ல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தடையை ரத்து செய்து, தக்க பாதுகாப்போடு வேலை கொடுக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஆனால், 1928-ல் ஏற்பட்ட நமது தாம்பரம் சானடோரியத்தில் காசநோயாளிகளின் பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருந்த நர்சுகளும் பெண்கள்தானே? அங்கே இருட்டும் இருந்தது, தொற்றும் இருந்தது. அவர்கள் கற்பைப் பற்றி எந்த வைதிகராவது கவலைப்பட்டாரா? கூலி அதிகம் கிடைக்கும் இடத்தில்தான் இவர்களுக்குப் பெண்ணின் மென்மை ஞாபகம் வருகின்றது!

பக்கத்து மாடம்பாக்கத்தில் 1954-ல் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நலநிலையம் ஏற்படுத்தியவர் சகோதரி சுப்பலட்சுமி. பால்ய விதவை. மூலையில் உட்கார வேண்டும் என்ற சாஸ்திரத்தை மீறி, 1911-ல் பி.ஏ. பட்டம் பெற்றார், தம்மைப் போன்ற விதவைகளுக்கு விடுதி நடத்தினார். அது பார்ப்பன விதவைகளுக்கான விடுதியாக இருந்தது என்பது வேறு சங்கதி. எனினும், தலையை மழித்து மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண்ணுக்குப் புத்தகமும், வீட்டுக்கு வெளியே தங்க ஓர் இடமும் கிடைத்தால் அவள் ஆசிரியையாக நிமிர்ந்து நிற்பாள் என்பது அங்கே ருசுவாயிற்று.

ஆனால் தோழர்களே, வேலையும் விடுதியும் கிடைத்துவிட்டால் சுதந்திரம் வந்துவிட்டதாக நாம் ஏமாந்துவிடக் கூடாது. சம்பளம் வரும் பாங்கி அட்டை யார் கையில் இருக்கின்றது? தகப்பனிடமோ, அண்ணனிடமோ இருந்தால், கதவிலிருந்த பூட்டு அட்டைக்கு மாறிற்று என்பதே பொருள். பெற்றோருக்கு உதவுவது தவறல்ல, மகனும் உதவுகின்றான். ஆனால் மகனின் அட்டையை யாராவது வாங்கி வைத்துக்கொள்கின்றார்களா? இவளுடைய உழைப்போ நகையாக மாறி, வரதட்சணையாக இன்னொருவன் வீட்டுக்குப் போகின்றது. தன்னை விற்கும் விலையைத் தானே சம்பாதித்துக் கொடுக்கும் அடிமை இவளையன்றி உலகில் வேறு யார்?

இதே ரயில் பாதையில் தெற்கே இருக்கும் செங்கற்பட்டில், 1929 பிப்ரவரியில் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடி, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அன்று சிரித்தார்கள். 60 வருடங்கள் கழித்து, 1989-ல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. 2005-ல் இந்திய முழுமைக்கும் இந்துக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்றாயிற்று. சட்டம் வந்த பிறகு நடப்பதென்ன? ஊரிலிருந்து அழைப்பு வரும். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்பார்கள். போனால் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துக் கேட்பார்கள். பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் அந்தக் காகிதத்திற்குப் பெயர் என்ன தெரியுமா? விடுதலைப் பத்திரம்! பெண்ணின் சொத்து அவளைவிட்டு விடுதலையாகின்றதாம்!

ஆகவே பெண்மணிகளுக்கு நாம் சொல்வது இதுதான்: சம்பளக் கணக்கும் அட்டையும் உங்கள் கையில் இருக்கட்டும். பிராவிடண்ட் பண்டு கட்டப்படுகின்றதா என்று பாருங்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், 2013-ம் வருடச் சட்டப்படி பாலியல் தொல்லைக்கான புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதில் யார் யார் இருக்கின்றார்கள் என்று கேட்டறியுங்கள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கலியாணம் வேண்டுமா, வேண்டாமா, யாருடன் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் மகள் தைரியமாகப் பதில் பேசினால், பட்டணம் அவளைக் கெடுத்துவிட்டதாக அழாதீர்கள். ஒரு மனுஷி உங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டிருக்கின்றாள் என்று பெருமைப்படுங்கள் என்று கூறி, இத்துடன் முடித்துக்கொள்கின்றோம்.