கடல் கடந்து மருத்துவம் கற்கலாமா?



ஈஜிபுராவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் இன்று ஒரே பேச்சு: பிள்ளையை மருத்துவம் பயில வெளிநாடு அனுப்பலாமா? பள்ளியிறுதி வரை படித்த ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு மருத்துவம் தெரியாது. விதிப்புத்தகம் படிக்கத் தெரியும். ஆகவே அதனையே பேசுகிறேன்.

2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் விதிகள் வெளியிட்டது. படிப்பு 54 மாதங்களுக்குக் குறையலாகாது. ஆங்கிலத்தில் கற்பித்தல் வேண்டும். அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சியும் முடித்தல் வேண்டும். அந்நாட்டில் அதன் குடிமகனுக்கு நிகராகத் தொழில் செய்ய உரிமை தரும் பட்டமாகவும் அது இருத்தல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக 'நீட்' தேர்வில் தேற வேண்டும். திரும்பிய பின்னர் 300 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு. 150 பெற்றாலன்றி இங்கே பதிவில்லை. அதன்மேல் இங்கும் 12 மாதப் பயிற்சி. தரகர் தரும் கணக்கில் இவ்வாண்டின் சாப்பாட்டுச் செலவு இராது!

2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது, ஆயிரக்கணக்கான நம் மாணவர்கள் பாதிப் படிப்பில் திரும்பினர். நம் கர்நாடகத்து ஹாவேரி மாவட்ட மாணவர் ஒருவர் கார்கிவ் நகரில் உயிரிழந்தார்.

போகவே கூடாது என்பது என் கட்சியன்று. தேறி வந்து தொண்டாற்றுவோரும் உளர். எனினும் ஊர் நிலத்தை அடமானம் வைக்குமுன் பிள்ளையைத் தனியே அழைத்து, "இது உன் விருப்பமா, எங்கள் விருப்பமா?" என்று வினவுங்கள். 'உங்கள் விருப்பம்' என்று விடை வருமாயின் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

விதிகள் ஆங்கிலத்தில் உள்ளன. வேண்டுவோர் ஞாயிறு மாலை சங்கத்திற்கு வரலாம். உடனிருந்து படித்துச் சொல்கிறேன்.