இடுப்பு வலியும் இயன்முறைப் பயிற்சியும்



இடுப்பு பிடித்துக்கொண்டது என்று ஒருவர் சொன்னவுடன், வீட்டார் அவரைப் படுக்கவைப்பதே வழக்கம். பாய் விரிப்பர், தைலம் தடவுவர், எழக்கூடாது என்று கட்டளையும் இடுவர். அன்பினால் செய்வதே எனினும், அவ்வன்பு பல வேளைகளில் வலியை நீட்டித்துவிடுகிறது.

பின்லாந்தின் ஹெல்சின்கி நகர ஊழியர்களிடையே நடந்த ஆய்வொன்று 1995-ஆம் ஆண்டு வெளியாயிற்று. திடீரென இடுப்பு வலி கண்ட 186 பேரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுக்கையில் ஓய்ந்திருந்தனர். மற்றொரு பிரிவினர் முதுகை வளைக்கும் பயிற்சிகளைச் செய்தனர். எஞ்சியோர் வலி இடங்கொடுத்த அளவில் அன்றாட வேலைகளைத் தொடர்ந்தனர். நன்கு தேறியோர் வேலையைத் தொடர்ந்தவர்களே. மிக மெதுவாகத் தேறியோர் படுத்திருந்தவர்கள்.

பயிற்சியைப் பற்றிய பேச்சில் இதைக் கூறுவது முரணாகத் தோன்றலாம், முரணன்று. வலி கண்ட முதற்சில நாட்களுக்கு இயன்ற அளவு நடமாட்டமே போதும். வாரக்கணக்கில் நீடிக்கும் வலிக்கும், மீண்டும் மீண்டும் தலைகாட்டும் வலிக்குமே பயிற்சி மிகுதியும் துணைசெய்யும்.

அத்தகைய பயிற்சியொன்று தற்செயலாகப் பிறந்தது. 1956-இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கன்சியிடம் ஒருவர் வந்துகொண்டிருந்தார். முதுகிலிருந்து முழங்கால் வரை பரவிய வலி மூன்று வாரமாகத் தணியவில்லை. அன்று அவரைக் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு மெக்கன்சி வேறு வேலையில் ஈடுபட்டார். முந்தைய நோயாளிக்காக உயர்த்திய மேசை முனை அப்படியே இருந்தது. வந்தவரோ அதன்மேல் முதுகு பின்வளைந்த நிலையில் படுத்துக்கிடந்தார். திரும்பிவந்த மெக்கன்சி திடுக்கிட்டார். நோயாளியோ கால்வலி நீங்கிற்று என்றார். வலி முதுகின் நடுவே ஒடுங்கியிருந்தது.

பரவிய வலி இவ்வாறு நடுமுதுகு நோக்கி ஒடுங்குவது நன்மையின் அடையாளம். காலை நோக்கி இறங்கினால் பயிற்சியை அப்போதே நிறுத்திவிட வேண்டும். பயிற்சியின் எண்ணிக்கையைவிட இக்குறிப்பே முதன்மையானது.

செய்முறை எளிது. குப்புறப் படுத்து இரண்டு மூன்று நிமிடம் உடலைத் தளர்த்துக. பின் முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்துக. அது பழகியபின் உள்ளங்கைகளைத் தோள்களுக்குக் கீழே ஊன்றி, கைவலிமையால் மேலுடலைத் தூக்குக. இடுப்பும் தொடைகளும் தரையிலேயே கிடக்கட்டும். ஓரிரு நொடி நிறுத்தித் தாழ்த்துக. இவ்வாறு பத்து முறை. யோகம் பயின்றோர்க்குப் புஜங்காசனம் நினைவுக்கு வரும். ஆனால் இங்கே முதுகுத்தசை உழைப்பதில்லை, கைகளே உழைக்கின்றன.

இது எல்லார்க்கும் பொருந்துவதன்று. நடந்தால் கால் கடுத்து, உட்கார்ந்தால் அல்லது முன்குனிந்தால் சுகம் காணும் முதியோர்க்குத் தண்டுவடப் பாதை குறுகியிருக்கலாம். அவர்கள் மல்லாந்து படுத்து முழங்கால்களை மார்போடு அணைப்பதே பெரும்பாலும் இதம் தரும். எலும்பு மெலிவுடையோர் மட்டும் மருத்துவரைக் கேட்டே எதையும் தொடங்க வேண்டும்.

வலி தணிந்தபின் தசைகளை வலுப்படுத்த வேண்டும். பலரும் இங்கேதான் கைவிட்டுவிடுகின்றனர். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக முன்னாள் பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில் வலியுறுத்தும் பயிற்சி ஒன்று வீட்டுக்கு ஏற்றது. தவழும் குழந்தைபோல் கையும் முழங்காலும் ஊன்றி, வலக்கையை முன்னும் இடக்காலைப் பின்னும் நேராக நீட்டுக. இடுப்பு சாயாமல் ஏறத்தாழ 10 நொடி நின்று, பின் பக்கம் மாற்றுக. முழங்கால் நோவுடையோர் மடித்த போர்வையைக் கீழே இட்டுக்கொள்ளலாம்.

சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போதல், சிறுநீர் பிரியாமை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் பயிற்சிக்கு அது நேரமன்று. அன்றே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். காய்ச்சலோடு வரும் வலியையும், முதியோர் கீழே விழுந்தபின் தொடங்கும் வலியையும் மருத்துவரிடம் காட்டிய பின்னரே மேற்சொன்னவற்றைச் செய்யலாம்.