ஃபிராங்க் கிரைம்ஸைப் பார்த்து நாம் ஏன் சிரித்தோம்?

(இளைஞர்களின் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கார்ட்டூன் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் தோழர் ஒருவர், "அப்ப குழந்தைகளையும் கூட்டிட்டு வரலாமா?" என்று கேட்டார். தாராளமாக வரலாம். ஆனால் நான் பேச வந்திருப்பது பெரியவர்களை மனதில் வைத்து எடுக்கப்பட்ட கார்ட்டூன் பற்றி. 1989 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய 'தி சிம்ப்சன்ஸ்' பற்றி.

உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் என்றொரு கற்பனை ஊர். அங்குள்ள அணுமின் நிலையத்தில் பாதுகாப்பு ஆய்வாளர் ஹோமர் சிம்ப்சன். வேலை நேரத்தில் தூங்குவார், டோனட் தின்பார். அவருடைய முதலாளி பர்ன்ஸ், காசுக்காக எதையும் செய்யக்கூடிய கிழவர். காவல்துறை, தேவாலயம், செய்திச் சேனல் என்று அந்த ஊரில் கேலிக்குத் தப்பியது எதுவும் கிடையாது.

1997 மே மாதம் 'ஹோமரின் எதிரி' என்றொரு எபிசோட் வந்தது. எழுதியவர் ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர். அதில் ஃபிராங்க் கிரைம்ஸ் என்ற புதிய ஊழியர் வருகிறார். நான்கு வயதில் பெற்றோரால் கைவிடப்பட்டவர். பள்ளிக்கூடம் போகாமல், வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொம்மை கொண்டுபோய்க் கொடுத்து வளர்ந்தவர். பதினெட்டாவது பிறந்தநாளில் ஒரு வெடிவிபத்தில் சிக்கி மீண்டவர். கிடைத்த கொஞ்ச நேரத்தில் படித்து, அணு இயற்பியலில் தபால்வழிப் பட்டயம் வாங்கியவர்.

இந்தக் கதையை டிவியில் பார்த்து பர்ன்ஸ் உருகிப்போகிறார். "அவரைக் கூப்பிடுங்கள், துணைத் தலைவர் ஆக்குகிறேன்" என்கிறார். கிரைம்ஸ் வந்து சேரும்போது பர்ன்ஸ் வேறொரு செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். குழந்தையைக் காப்பாற்றிய நாய் ஒன்றின் கதை. இப்போது அந்த நாய்க்குத்தான் பதவி! கிரைம்ஸை ஆலையின் ஏதோ ஒரு மூலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். "குடிசையில் படித்துச் சாதித்த மாணவர்" என்று ஒரு நாள் கொண்டாடிவிட்டு மறுநாள் மறந்துபோகும் செய்திகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுகிறவர்களின் இரக்கத்துக்கு ஆயுள் ஒரு நாள்.

அந்த மூலையில்தான் ஹோமர் இருக்கிறார். எதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியாதவர். அவருக்கு மாடி வீடு, இரண்டு கார், விண்வெளிக்குப் போய்வந்த அனுபவம் வேறு. கிரைம்ஸ் குடியிருப்பதோ மேலேயும் கீழேயும் பந்துருட்டும் கூடங்கள் உள்ள ஓர் அறையில். இது அநியாயம் என்று கத்துகிறார். யாருக்கும் அது புரியவில்லை. கடைசியில் புத்தி கலங்கி, மின்கம்பியைத் தொட்டுச் செத்துப்போகிறார். இறுதிச்சடங்கில் ஹோமர் தூக்கத்தில் உளற, ஊரே சிரிக்கிறது.

கல்லூரி விடுதியில் ஐந்தாறு பேர் ஒரே லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து இதைப் பார்த்தோம். விழுந்து விழுந்து சிரித்தோம். ஒருத்தன் மட்டும் சிரிக்கவில்லை. "அந்த ஆள் செத்ததுக்கு எதுக்குடா சிரிக்கிறீங்க?" என்றான். "கார்ட்டூன்தானே மச்சி" என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவன் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். அதற்கு இரண்டு வாரம் முன்னால், வகுப்பில் எல்லோர் முன்னாலும் ஓர் ஆசிரியர் அவனை எழுப்பி, "உன் கட்ஆஃப் என்ன?" என்று கேட்டிருந்தார். அப்போதும் வகுப்பு சிரித்தது. நானும் அந்த வகுப்பில்தான் இருந்தேன். அதே வகுப்பில் பணம் கட்டி மேனேஜ்மெண்ட் சீட்டில் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்களின் கட்ஆஃபை எந்த ஆசிரியரும் கேட்டதில்லை.

ஸ்பிரிங்ஃபீல்டில் சாதி கிடையாது. கிரைம்ஸ் வெள்ளைக்காரர். அது நம் கதை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தகுதி, திறமை என்ற பேச்சு எப்படி வேலை செய்கிறது என்பதை அந்த இருபத்திச்சொச்சம் நிமிடம் காட்டிவிடுகிறது. உள்ளே இருப்பவனிடம் யாரும் தகுதி கேட்பதில்லை. வெளியிலிருந்து வருகிறவன்தான் ஒவ்வொரு நாளும் நிரூபிக்க வேண்டும். இத்தனைக்கும் ஹோமர் கெட்டவர் இல்லை. கிரைம்ஸோடு நட்பாகத்தான் நினைக்கிறார். தனக்குக் கிடைத்தது சலுகை என்றே தெரியாமல் வாழ முடிவதுதான் பெரிய சலுகை.

கிரைம்ஸ் செய்த பிழை ஒன்றும் உண்டு. அவர் கோபமெல்லாம் பக்கத்து நாற்காலிக்காரன் மேல்தான் போகிறது. மூலைக்கு அனுப்பிய பர்ன்ஸ் மேல் போகவில்லை. இதே தொடரில், 1993இல் வந்த ஓர் எபிசோடில் இதே ஹோமர் தொழிற்சங்கத் தலைவராகி, வேலைநிறுத்தம் செய்து, பறிக்க இருந்த பல் மருத்துவச் சலுகையைக் காப்பாற்றுகிறார். சங்கமாக நின்றபோது பர்ன்ஸ் பணிந்தார். தனியாக நின்ற கிரைம்ஸ் செத்தார்.

அதிகாரத்தைக் கேலி செய்யும் இந்தத் தொடருக்கும் ஓர் அதிகாரம் இருந்தது. அதில் அபு என்ற இந்தியக் கடைக்காரர் வருவார். குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா என்ற வெள்ளை நடிகர். அந்த உச்சரிப்பைச் சொல்லிச் சொல்லித் தங்களைப் பள்ளியில் சீண்டினார்கள் என்பதை ஹரி கொண்டபோலு 2017இல் ஆவணப்படமாகவே எடுத்தார். தொடர் முதலில் அலட்சியமாகத்தான் பதில் சொன்னது. 2020இல் அசாரியா விலகினார். வெள்ளையரல்லாத பாத்திரங்களுக்கு இனி வெள்ளையர் குரல் கொடுக்க மாட்டார்கள் என்று தொடரும் அறிவித்தது. மறுத்துப் பேச ஒருவர் துணிந்ததால்தான் இது நடந்தது. "கார்ட்டூன்தானே" என்று அவரிடமும் சொல்லியிருப்பார்கள்.

இதோடு ஆரன் மெக்ரூடர் என்ற கறுப்பினக் கலைஞர் உருவாக்கிய 'தி பூண்டாக்ஸ்' தொடரையும் பாருங்கள். 2006இல் வந்த ஓர் எபிசோடில், மார்ட்டின் லூதர் கிங் சாகவில்லை, நெடுங்காலம் மயக்கத்தில் கிடந்து எழுகிறார். கொண்டாடிய அதே அமெரிக்கா, அவர் போருக்கு எதிராகப் பேசியதும் துரோகி என்கிறது. சிலையாக இருக்கும்வரைதான் தலைவர்களுக்கு மாலை. எழுந்து வந்து பேசினால் என்ன நடக்கும் என்று நமக்கும் தெரியும்.

ஆகவே தோழர்களே, சிரிப்பை விட்டுவிடச் சொல்லி நான் வரவில்லை. மீம் போடுங்கள், கேலி செய்யுங்கள். பகிர்வதற்கு முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இந்த அறையில் யார் சிரிக்காமல் இருக்கிறார்கள்? ஏன்?

இந்தக் கதையைச் சொல்லலாமா என்று போன வாரம் அந்த நண்பனிடம் கேட்டேன். "சொல்லு. ஆனா நான் சாகலைன்னும் சொல்லிடு" என்றான்.

சொல்லிவிட்டேன்.