இரவல் திண்ணையும் உரிமை மனையும்

(தனித்தமிழ் அன்பர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்துரை)



தமிழ்ப்பற்றாளர் பலர் இன்று எழுதுமிடம் எது? முகநூல், அதை விட்டால் கீச்சகம், அதையும் விட்டால் புலனக்குழு. விடியுமுன் ஒரு வேர்ச்சொல் விளக்கம். நண்பகலில் ஒரு மறுப்புரை. இரவில் ஒரு பா. எழுதும் கை தமிழ்க் கை. உழைப்பும் தமிழ் உழைப்பு. ஆயின் அவ்வுழைப்பு சென்று விழும் களஞ்சியம் யாருடையது? கடல் கடந்த அமெரிக்க வணிக நிறுவனத்தினுடையது. அந்நிறுவனமோ விளம்பரத்தால் வாழ்வது. சினமூட்டும் சொற்போர் மக்களை நெடுநேரம் நிறுத்திவைக்கும். ஆகலின் அது முன்னே வரும். பொறுமையாக எழுதப்பெற்ற சொல்லாய்வு ஒன்றை முன்னிறுத்துவதால் அந்நிறுவனத்துக்கு என்ன வருவாய்?

பிறர் திண்ணையில் அமர்ந்து பேசுவது குற்றமன்று. அத்திண்ணையைத் தன் வீடென்று எண்ணிப் பெட்டி படுக்கையை அங்கே இறக்கிவைப்பதே பேதைமை.

இதனைத் தமிழ்ச் சான்றோர் நன்கறிந்திருந்தனர். 1849-இல் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தினின்று சென்னைக்கு வந்து அச்சுப்பொறி வாங்கிச் சென்றார். அந்நாளில் யாழ்ப்பாணத்தில் அச்சகமே இல்லையா? இருந்தது, கிறித்தவ ஊழியர் கையில் இருந்தது. பேர்சிவல் பாதிரியாரிடம் பணியாற்றிய நாவலர், பிறர் பொறியில் தம் கருத்து ஏறாதென்பதை அறியாதவரல்லர். வண்ணார்பண்ணையில் தமக்கென ஓர் அச்சகம் நிறுவினார். அதற்கு அவர் இட்ட பெயர் வித்தியாநுபாலன யந்திரசாலை! பெயரில் மருந்துக்கும் தமிழில்லை. செயலோ தமிழ் நூல்களுக்கு வாழ்வளித்த செயல். அதன்பொருட்டுப் பெயரைப் பொறுத்துக்கொள்ளலாம். பின்னாளில் மறைமலையடிகளும் பல்லாவரத்தில் தம் அச்சுக்கூடத்திலேயே தம் நூல்களை அச்சிட்டார். 1959-இல் தென்மொழியைத் தொடங்கிய பெருஞ்சித்திரனார், கலப்புத் தமிழில் நடந்த நாளிதழ்களின் வாயிலில் இடங்கேட்டு நின்றிருப்பின் தனித்தமிழுக்கு அப்படியோர் இதழ் வாய்த்திருக்குமா?

இன்றைய திண்ணைகளின் வாழ்நாள்தான் எவ்வளவு? எவரும் இலவயமாகப் பக்கங்களை அமைத்துக்கொள்ளலாம் என்று 1994-இல் தோன்றியது சியோசிட்டிசு. யாகூ நிறுவனம் 1999-இல் அதனை வாங்கிற்று. 2009 அக்டோபரில் அமெரிக்காவில் இழுத்து மூடிற்று. 2004-இல் எழுந்த ஆர்க்குட்டில் தமிழிளைஞர் எத்துணை ஆர்வத்தோடு குழுக்கள் அமைத்து உரையாடினர்! 2014 செப்டம்பர் 30-இல் அது மறைந்தது. கூகுள் பிளசு 2011-இல் பிறந்து 2019-இல் இறந்தது. மைசுபேசு என்னும் ஊடகம் மூடப்படவுமில்லை. எனினும் 2015 வரை மக்கள் அதில் ஏற்றிய பாடல்களை, வழங்கியை மாற்றும்போது இழந்துவிட்டதாக 2019-இல் அறிவித்தது. உரியவர் யாரிடம் சென்று முறையிடுவது?

இதனோடு ஒன்றை ஒப்புநோக்குக. பாவாணரை இயக்குநராகக் கொண்டு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் தொடங்கியது 1974-இல். அவர் மறைந்தது 1981-இல். முதற்பகுதி வெளிவந்தது 1985-இல். 31 பகுதிகளாக அது நிறைவுற்றது 2011-இல். ஆக, 37 ஆண்டு! சியோசிட்டிசு 15, ஆர்க்குட்டு 10, கூகுள் பிளசு 8. மூன்றன் வாழ்நாளையும் கூட்டினும் 33 ஆண்டே. ஓர் அகரமுதலி முடியுமுன் மூன்று ஊடகங்கள் பிறந்து மடியுமாயின், சொல்லாய்வை அவற்றில் இட்டுவைப்பது எவ்வகை அறிவுடைமை?

இணையம் ஒருவர்க்கே உரிய சொத்தன்று. சுவிட்சர்லாந்திலுள்ள செர்ன் ஆய்வகத்தில் திம் பெர்னர்சு லீ என்னும் ஆங்கிலேயர் ஆக்கிய வையவிரிவு வலையை, 1993 ஏப்பிரல் 30-இல் அவ்வாய்வகம் எவரும் கட்டணமின்றிப் பயன்கொள்ளுமாறு பொதுவுடைமையாக்கிற்று. அதில் தளம் அமைக்க எந்த முதலாளியின் இசைவும் வேண்டியதில்லை. வேண்டுவன இரண்டே: ஒன்று, களப்பெயர் எனப்படும் முகவரிப் பெயர், மற்றொன்று, கோப்புகளைத் தாங்கும் வழங்கியில் சிறிது இடம். பெயர்க்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஓராயிரம் உருவா ஆகலாம்.

இவ்விரண்டனுள் பெயரே உயிர். வழங்கி தருபவர் விலையேற்றினாலோ தொல்லை கொடுத்தாலோ, கோப்புகளை எடுத்துக்கொண்டு வேறொருவரிடம் செல்லலாம், பெயர் மாறாது, அப்பெயரைக் குறித்து வைத்திருப்போர் இடமாற்றத்தை அறியவும் மாட்டார். முகநூலில் பன்னீராண்டு எழுதியவர் வெளியேறினால் அவர்தம் முகவரி அவருடன் வருமா?

பெயரின் ஆற்றலை உணர்ந்தோர் காத்தலோனியர். தமக்கெனத் தனியரசு இல்லாத அம்மக்கள், தம் மொழிக்கும் பண்பாட்டுக்குமென 'கேட்' என்னும் இணைய ஈற்றைப் போராடி 2005-இல் பெற்றனர். பாசுக்கு, கலீசிய, பிரெத்தோனிய, வேல்சு மக்களும் பின்னர்த் தத்தமக்குரிய ஈறுகளைப் பெற்றனர். தமிழெழுத்திலே இந்தியா என முடியும் முகவரி உண்டு. இலங்கை என முடிவதும் உண்டு. சிங்கப்பூர் என முடிவதும் உண்டு. தமிழ்நாடு என முடியும் முகவரி இன்றளவும் இல்லை! இதனை எத்தனை தமிழ்க் கட்சிகள் கோரிக்கையாக வைத்துள்ளன?

பெயர் கைவந்தபின் இடரே இல்லையென்று எண்ணவும் வேண்டா. 2017-இல் காத்தலோனிய விடுதலை வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்னர், 'கேட்' ஈற்றை ஆளும் அறக்கட்டளையின் பார்சலோனா அலுவலகத்தில் இசுப்பானியக் காவற்படை புகுந்தது; வாக்கெடுப்புத் தளங்கள் முடக்கப்பட்டன. ஆயினும் அவற்றின் படிகள் வேறு வேறு பெயர்களில் உடனுக்குடன் எழுந்தன. கோப்புகள் மக்கள் கையில் இருந்தமையால் அது கைகூடிற்று.

"முகநூலில் ஆயிரவர் படிக்கின்றனர், தனித்தளத்துக்கு யார் வருவர்?" என்பர் சிலர். அந்த ஆயிரவருள் விருப்பக்குறி இட்டுக் கடந்தோர் எத்துணையர், படித்தோர் எத்துணையர்? அங்கெழுதியது மூன்றாம் நாள் அடியில் அமிழ்ந்துபோம். ஒரு சொல்லின் வேரைத் தேடும் கல்லூரி மாணவி தேடுபொறியில் தேடினாலும் அப்பதிவு பெரும்பாலும் அவள் கண்ணிற் படாது. தனித்தளத்தில் அதே விளக்கம் தனக்கென ஒரு தலைப்போடும் முகவரியோடும் நிற்கும். தொடக்கத்தில் நாளொன்றுக்குப் பத்துப்பேரே வரலாம். அது மெய், மறைப்பதற்கில்லை.

இனி, தளமுடையார் மறைந்தால்? கட்டணம் கட்ட ஆளில்லாமல் பெயர் கைமாறிப்போம். அறிஞர் சிலரின் தளங்களுக்கு நேர்ந்ததும் இதுவே. மக்களுள் ஒருவர்க்கோ மாணாக்கர் ஒருவர்க்கோ கடவுச்சொல்லை முன்னரே ஒப்படைத்தல் வேண்டும். கோப்புகள் ஒருங்குறியில், எளிய எழுத்துக் கோப்புகளாக இருத்தல் நன்று. பழைய எழுத்துருக்களில் ஏற்றியவற்றை இன்று திறந்தால் தமிழ் தெரியாது, குப்பையே தெரியும். 1996-இல் தோன்றிய இணைய ஆவணகத்தில் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் கொடுத்துப் படியெடுக்கச் செய்யலாம், அதற்குக் கட்டணமில்லை.

முகநூலை விட்டு வெளியேறுவோர் முதலில் தம் பதிவுகளின் முழுப்படியைக் கேட்டுப் பெறுக. அதற்கான வழி அதன் அமைப்புப் பகுதியிலேயே உண்டு. வந்த படியைத் திறந்து, எழுத்தும் படமும் குறைவின்றி உள்ளனவா எனப் பார்த்து, தக்கவற்றைத் தெரிந்து தளத்தில் ஏற்றுக. பிறந்தநாள் வாழ்த்துகளையெல்லாம் ஏற்ற வேண்டா! கணக்கை நீக்கக் கோரினால் 30 நாள் இடைவெளி தருவர்; அதற்குள் மீட்கலாம், அதன்பின் மீட்பில்லை. ஆதலின் படி கைக்கு வருமுன் கணக்கில் கைவைக்கலாகாது.